சிறுவாச்சூர் வழியே வரும் காய்ச்சல்

திருச்சியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், சமயபுரத்தையும் பாடாலூரையும் கடந்து, பெரம்பலூரை எட்டுவதற்குச் சுமார் 8 கிலோமீட்டர் இருக்கும்போது சிறுவாச்சூர் வருகிறது. விரைவுப் பேருந்தில் கண்ணயர்ந்து செல்வோருக்கு இப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாது. ஆனால் திங்கட்கிழமையிலோ வெள்ளிக்கிழமையிலோ அவ்வழியே சென்றால் தெரியாமல் இருக்க முடியாது. இங்குள்ள மதுரகாளியம்மன் கோயில் பொதுவாக வாரத்தில் அவ்விரு நாட்களில்தான் திறந்திருக்கும். அந்நாட்களில் வேன்களும் கார்களும் சாலையோரம் வரிசை கட்டி நிற்க, பல மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் மாவிளக்குத் தட்டுகளுடன் நடந்து செல்வதைக் காணலாம். மற்ற நாட்களில் ஊர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நாம் சென்றது ஒரு புதன்கிழமை. கூட்டம் இல்லை. மேற்கே பச்சைமலைத் தொடர் மங்கலாகத் தெரிந்தது. சுற்றிலும் மானாவாரி நிலம்: மக்காச்சோளம், பருத்தி, கிணற்றுப் பாசனம் உள்ள இடங்களில் சின்ன வெங்காயம். இப்பகுதியின் கிணறுகளைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பாறையை உடைத்துத் தோண்டிய அகன்ற பள்ளங்கள் அவை. கோடையில் அடியில் ஒரு கை நீர் கிடக்கும், ஐப்பசி கார்த்திகையில் பாதி வரை ஏறும். கல் வெட்டியெடுத்துக் கைவிட்ட குவாரிப் பள்ளங்களிலும் மழைநீர் தேங்கி நிற்கிறது. கிழக்கே அரியலூர்ப் பக்கம் சென்றால் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், அவற்றையொட்டிச் சிமெண்டு ஆலைகள். வறண்ட மாவட்டம் என்று பெயர் பெற்ற இப்பகுதியில், தேங்கிய நீருக்கு மட்டும் பஞ்சமில்லை என்பதை நாம் முதலில் குறித்துக்கொண்டோம். நாம் விசாரிக்கச் சென்றது அப்படிப்பட்ட நீரில் பிறக்கும் கொசுவால் பரவும் ஒரு நோயைப் பற்றி.

மலேரியா என்ற சொல் இவ்வூர் முதியவர்களுக்குப் புதிதன்று. முறைக்காய்ச்சல் என்றும் குளிர்காய்ச்சல் என்றும் அவர்கள் சொல்வது இதைத்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கியெடுத்து, போர்வை மேல் போர்வை போட்டாலும் பல் தட்டி, பிறகு கொதித்து, பிறகு வியர்த்து விட்டுவிடும் காய்ச்சல். நெடுநாள் பீடித்தால் இடப்பக்க விலாவின் கீழே மண்ணீரல் வீங்கிக் கைக்குத் தட்டுப்படும். அதைக் காய்ச்சற்கட்டி என்று நம் பாட்டிமார் அழைத்தனர். தேநீர்க் கடையில் நம்முடன் பேசிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், தாம் சிறுவனாக இருந்தபோது காக்கிச் சட்டையணிந்த ஆட்கள் முதுகில் தகர உருளையுடன் வந்து வீட்டுச் சுவரெல்லாம் டி.டி.டி. மருந்து அடித்ததை நினைவுகூர்ந்தார்.

“அடிச்சு முடிச்சதும் கதவுமேல தேதி எழுதிட்டுப் போவாங்க, ஐயா. எங்க அம்மாவுக்கு மலேரியாவெல்லாம் தெரியாது. மூட்டைப்பூச்சி ஒழிஞ்சதே பெரிய புண்ணியம்னு சொல்லும். அப்புறம் பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா ஒருத்தர் வருவார். யாருக்காவது காய்ச்சல்னு கேட்டா, விரல்ல குத்தி ஒரு கண்ணாடியில தடவிக்கிட்டு, நாலு மாத்திரையைக் குடுத்துட்டுப் போயிடுவார். மலேரியாக்காரர்னுதான் அவருக்குப் பேரு.”

அம்மலேரியாக்காரருக்குப் பின்னால் ஒரு பெரும் வரலாறு இருக்கிறது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியாவில் ஆண்டுதோறும் ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவால் பீடிக்கப்பட்டு, எட்டு லட்சம் பேர் மாண்டதாக மதிப்பிடப்பட்டுள்ளது. 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. 1958-இல் அதுவே ஒழிப்புத் திட்டமாக மாறிற்று. 1961-இல் நோயாளிகள் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் என்ற நிலை வந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நாடு மூச்சு விட்டது. அந்த மூச்சே வினையாயிற்று. கொசு டி.டி.டி.-க்குப் பழகிக்கொண்டது, மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது, வீடு வீடாகச் செல்லும் பழக்கம் தளர்ந்தது. 1976-இல் 64 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அதன்பின் மெல்ல மெல்ல மீண்டும் இறங்கி, 2015-இல் 11,69,261 ஆக இருந்த எண்ணிக்கை 2023-இல் 2,27,564 ஆகக் குறைந்திருக்கிறது. தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளில் சில நூறு பேர் என்ற அளவுக்கு வந்துவிட்டோம். 2030-க்குள் நாட்டிலிருந்தே மலேரியாவை நீக்கிவிட வேண்டும் என்பது மத்திய அரசின் இலக்கு.

சில நூறு பேர்தானே என்று வாசகர்கள் நினைக்கலாம். நாமும் அதைக் குறித்தே சிந்தித்தவாறு நடந்தோம். நோய் மிகுந்திருந்த காலத்தில் மருத்துவர் கேட்ட கேள்வி, இது மலேரியாவா அன்றோ என்பதுதான். நோய் அரிதாகிவிட்ட காலத்திலோ கேள்வி இரண்டாகிறது: இது எந்த மலேரியா? இது எங்கிருந்து வந்தது? இவ்விரண்டுக்கும் விடை தெரியாவிட்டால், இறங்கிய எண்ணிக்கை ஏறுவதற்கு நெடுங்காலம் ஆகாது.

எந்த மலேரியா என்பது புத்தகத்துக்கான வினாவன்று. மருந்துச் சீட்டுக்கான வினா. மனிதனைப் பீடிக்கும் மலேரியா ஒட்டுண்ணிகள் பல. நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படுபவை இரண்டு. ஒன்று வைவாக்ஸ், மற்றது பால்சிபாரம். பால்சிபாரம் மூளையைத் தாக்கவல்லது. சிகிச்சை தாமதித்தால் ஓரிரு நாட்களில் உயிரைக் கொண்டுபோய்விடும். வைவாக்ஸ் அவ்வளவு கொடியதன்று என்பார்கள், ஆனால் வஞ்சகமானது. இரத்தத்தில் உள்ளவை மடிந்த பின்னும் அதன் சில உருவங்கள் கல்லீரலுக்குள் உறங்கிக் கிடக்கும். சில வாரங்களிலோ பல மாதங்கள் கழித்தோ விழித்துக்கொண்டு, புதிதாக எந்தக் கொசுவும் கடிக்காமலேயே காய்ச்சலைத் திரும்பக் கொண்டுவரும். ஆகவே வைவாக்ஸுக்கு மூன்று நாள் குளோரோகுயின் கொடுத்தால் போதாது. உறங்குபவற்றைக் கொல்லப் பிரைமாகுயின் மாத்திரையை 14 நாட்கள் கொடுக்க வேண்டும். பால்சிபாரத்துக்கு ஆர்ட்டிமிசினின் வகைக் கூட்டு மருந்து மூன்று நாட்கள். அதனுடன் பிரைமாகுயின் ஒரே ஒரு வேளை. ஒன்றை மற்றொன்றாகக் கருதிவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பிரைமாகுயினைக் கருவுற்ற தாய்மாருக்கும் கைக்குழந்தைகளுக்கும் கொடுப்பதில்லை. பிறவியிலேயே ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவர்களுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். எனவே மருத்துவரின் கண்காணிப்பின்றி வாங்கி விழுங்கும் மாத்திரை அன்று அது.

மருந்து என்றதும் ஒரு சிறு விலகல். அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையோரம் உள்ள ஏலாக்குறிச்சி நம் வாசகர்கள் பலரும் திருயாத்திரையாகச் சென்ற ஊர். வீரமாமுனிவர் வாழ்ந்து தமிழ் வளர்த்த இடம். அவருடைய காலத்திலேயே ஐரோப்பாவில் முறைக்காய்ச்சலுக்குக் கைகண்ட மருந்தாக விளங்கியது தென் அமெரிக்காவின் சிங்கோனா மரப்பட்டை. பெரு நாட்டிலிருந்து அதைக் கொண்டுவந்து பரப்பியவர்கள் அவர் சார்ந்த இயேசு சபையினர். ஆதலால் அதற்குச் ‘சேசு சபைப் பட்டை’ என்றே பெயர் வழங்கிற்று. 1820-இல் பிரான்சு நாட்டு வேதியியலார் பெல்த்தியேவும் கவாந்துவும் அப்பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தனர். 1860-களில் நீலகிரியில் சிங்கோனா பயிராகத் தொடங்கி, நடுவட்டத்தில் கொயினாத் தொழிற்சாலையும் ஏற்பட்டது. மலேரியாவைக் கொசுதான் சுமக்கிறது என்று 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்திராபாத்தில் கண்டறிந்த ரொனால்டு ராஸ், அதே ஆண்டில் அதற்குச் சில மாதங்கள் முன்பு உதகைக்கு அருகே சீகூர் மலைச்சாலைப் பக்கம் சென்றபோது தாமே மலேரியாவில் விழுந்தார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

மீண்டும் நம் பயணத்துக்கு வருவோம். சிறுவாச்சூரில் சாலையோரமாகத் தனலட்சுமி சீனிவாசன் மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் பெரிதாக எழுந்து நிற்கின்றன. ஆயினும் கிராமத்தாரின் காய்ச்சல் முதலில் போய்ச் சேருமிடம் பெரும்பாலும் ஆரம்ப சுகாதார நிலையமே. இவ்வட்டாரத்தில் அத்தகைய நிலையம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில், இரத்தம் பரிசோதிக்கும் இளைஞர் ஒருவருடன் அரை மணி நேரம் அமர்ந்திருந்தோம். மேசை மீது நுண்ணோக்கி, சாயப் புட்டிகள், வரிசையாகக் காயவைத்த கண்ணாடித் தகடுகள். ஒவ்வொரு தகட்டிலும் இரண்டு தீற்றல்கள்: ஒன்று தடித்தது, மற்றது மெல்லியது. தடித்த தீற்றலில் இரத்தம் மிகுதி. கிருமி இருக்கிறதா என்று தேடுவதற்கு அது. மெல்லியதில் அணுக்கள் ஒன்றையொன்று மூடாமல் பரவி நிற்கும். எந்த இனம் என்று பார்ப்பதற்கு இது. சாயத்தில் தோய்த்த பின் ஒட்டுண்ணியின் உட்கரு செந்நிறமாகவும் உடல் நீலமாகவும் தெரியும். நம் நாட்டுத் திட்டத்தில் நெடுங்காலமாகப் பயன்படும் ஜே.எஸ்.பி. சாயம் இந்தியர் இருவர், ஜஸ்வந்த் சிங்கும் பட்டாச்சார்ஜியும், 1944-இல் உருவாக்கியது என்பதை எத்தனை பேர் அறிவர்!

“கடைசியாக மலேரியாக் கிருமியை எப்போது பார்த்தீர்கள், தம்பி?” என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். “பயிற்சி வகுப்பில பார்த்ததுதான் சார் நல்லா ஞாபகம் இருக்கு. தினமும் ஸ்லைடு பார்க்கிறேன். எல்லாம் நெகட்டிவ். நல்லதுதான். ஆனா, வந்தா கண்ணுக்குத் தெரியணுமேன்னு ஒரு பயம் இருக்கு.”

அவருடைய பயம் வீண் பயமன்று. வைவாக்ஸ் புகுந்த சிவப்பணு பருத்துவிடும், அதன் மேல் மென்சிவப்புப் புள்ளிகள் தோன்றும். பால்சிபாரம் சிறு மோதிரம்போல் இருக்கும். முதிர்ந்தால் பிறைச் சந்திரன் வடிவம். இவற்றைப் பிரித்தறியக் கண் பழக வேண்டும். கண் பழக நோயாளிகள் வேண்டும். நோய் குறையக் குறைய, அதைக் காணவேண்டிய கண்ணின் கூர்மையும் குறைகிறது. பழகிய கண்ணும் கூட, ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஐம்பது அல்லது நூறு கிருமிகளேனும் இருந்தால்தான் அன்றாட வேலையில் தவறாமல் பிடிக்கும். அதற்குக் குறைந்தால் தகடு சுத்தம் என்றே எழுதப்படும்.

விரல்நுனி இரத்தத்தை அட்டையில் இட்டு, கால் மணி நேரத்தில் கோடு தோன்றுகிறதா என்று பார்க்கும் துரிதப் பரிசோதனையும் இருக்கிறது. மின்சாரமும் நுண்ணோக்கியும் இல்லாத குக்கிராமங்களுக்கு அது பேருதவி. ஆனால் பால்சிபாரத்துக்கு அவ்வட்டை தேடுவது அக்கிருமி சுரக்கும் ஒரு புரதத்தை. அப்புரதத்துக்குரிய மரபணுவையே இழந்துவிட்ட பால்சிபாரம் தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் இருப்பதாக 2010-இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் ஆப்பிரிக்காவிலும், நம் நாட்டிலும் கண்டனர். அத்தகைய கிருமியின் முன் அட்டை ஊமையாகிவிடும்.

இங்கேதான் மூலக்கூற்றுப் பரிசோதனை வருகிறது. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். 2020-இல் கொரோனாத் தொற்று பரவியபோது மூக்கில் குச்சி விட்டு எடுத்துச் சென்றார்களே, அந்தப் பி.சி.ஆர். முறைதான். அமெரிக்கரான கேரி முல்லிஸ் என்பவர் 1983-இல் கண்ட இம்முறைக்கு 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது. உயிர்களின் மரபுப்பொருள் முறுக்கிய ஏணிபோல் இரண்டு இழைகளால் ஆனது. அதை நீரின் கொதிநிலைக்குச் சற்றுக் குறைவாகச் சூடாக்கினால் இழைகள் பிரிகின்றன. ஆறவிட்டால், நாம் முன்கூட்டியே செய்து வைத்த சிறு துணுக்குகள், தமக்குப் பொருந்தும் இடம் இருந்தால் மட்டும் போய் ஒட்டிக்கொள்கின்றன. பின் மீண்டும் இளஞ்சூட்டில் ஒரு நொதி அத்துணுக்கிலிருந்து தொடங்கி விடுபட்ட இழையைப் பின்னி முடிக்கிறது. ஒன்று இரண்டாயிற்று. மீண்டும் சூடு, மீண்டும் ஆறல், இரண்டு நான்காயிற்று. முப்பது முறை இப்படிச் செய்தால், தடையின்றி நடக்கும் கணக்கில், ஒன்று நூறு கோடிக்கும் மேலாகப் பெருகும். கொதிக்கும் சூட்டிலும் கெடாத அந்நொதி, அமெரிக்காவில் எல்லோஸ்டோன் என்னுமிடத்து வெந்நீர் ஊற்றில் வாழும் நுண்ணுயிரிலிருந்து வந்தது.

மலேரியாவுக்கு இதைப் பயன்படுத்தும் வழியை ஜார்ஜ் ஸ்னூனூவும் அவர்தம் தோழர்களும் 1993-இல் செம்மைப்படுத்தினார்கள். முதல் சுற்றில், இது மலேரியா இனத்தின் மரபுப்பொருளா என்று மட்டும் கேட்கப்படுகிறது. இரண்டாம் சுற்றில் ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனித் துணுக்கு. பெருகியதை மின்னோட்டத்தில் ஒரு கூழ்ப் பலகையின் மேல் ஓடவிட்டால், சிறியது முந்தும், பெரியது பிந்தும். பால்சிபாரமானால் 205 படி நீளமுள்ள துண்டு, மலேரியே என்ற இனமானால் 144, வைவாக்ஸானால் 120, ஓவேல் என்றால் சுமார் 800. எந்தப் படியில் கோடு நிற்கிறது என்பதே கிருமியின் பெயர். இரு கோடுகள் நின்றால், ஒரே உடலில் இரு இனங்கள் குடியிருக்கின்றன என்று பொருள். நுண்ணோக்கியில் ஒன்றைக் கண்டவுடன் மற்றொன்றைத் தேடாமல் விட்டுவிடுவது மனித இயல்பு. கூழ்ப் பலகைக்கு அவ்வியல்பு இல்லை.

கண் எவ்வளவு தூரம் ஏமாறக்கூடும் என்பதற்கு மலேசியாவில் நடந்தது தக்க சான்று. போர்னியோத் தீவில் சரவாக் மாநிலத்தின் காப்பிட் பகுதியில் மலேரியே இனத்தால் காய்ச்சல் என்று எழுதப்பட்ட நோயாளிகள் பலர் இருந்தனர். அது சாதுவான இனம். ஆனால் இந்நோயாளிகளின் இரத்தத்தில் கிருமிகள் அளவுக்கு மீறி இருந்தன. பல்பீர் சிங் என்னும் பேராசிரியரும் அவர் குழுவினரும் மூலக்கூற்றுப் பரிசோதனை செய்து, 208 மலேரியா நோயாளிகளில் 120 பேருக்கு இருந்தது குரங்குகளின் ஒட்டுண்ணியான நோலெசி என்று 2004-இல் அறிவித்தனர். நுண்ணோக்கியில் மலேரியேயைப் போலவே தோன்றும் அது, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகி ஆளைக் கொல்லவல்லது. வியப்பு என்னவென்றால், அக்கிருமிக்குப் பெயர் தந்தது நம் கல்கத்தா. வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பணியாற்றிய ராபர்ட் நோல்ஸும் தாஸ் குப்தாவும் 1932-இலேயே அது மனிதருக்கும் தொற்றும் என்று காட்டியிருந்தனர். எழுபது ஆண்டுகளாக அது மருத்துவரின் கண்ணெதிரே வேறு பெயரில் உலவியிருக்கிறது! அந்தமான் நிக்கோபார்த் தீவுகளிலும் இக்கிருமி மூலக்கூற்றுப் பரிசோதனையால் பின்னர் அறியப்பட்டது.

போர்னியோக் குரங்குக்கும் சிறுவாச்சூருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். குரங்குக்கு இல்லை, சாலைக்கு இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்ற நம் இரண்டாவது கேள்வி இதுதான். சிறுவாச்சூரின் வாசலில் ஓடும் சாலையின் வடகோடியில் சென்னை இருக்கிறது. தமிழ்நாட்டு மலேரியாவில் பெரும்பங்கு நெடுங்காலமாகச் சென்னை நகரத்தினுடையது. அதுவும் பெரும்பாலும் வைவாக்ஸ். அங்கே அதைச் சுமப்பது வீட்டுக் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் முட்டையிடும் அனாபிலஸ் ஸ்டீபென்சி என்னும் கொசு. தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனமும் நியூயார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2010 முதல் சென்னையிலும், குஜராத்தின் நடியாதிலும், ஒடிசாவின் ரூர்கேலாவிலும் நடத்திய ஆய்வுகளில், வீடுகளில் எடுத்த இரத்தத்தை நுண்ணோக்கியாலும் பி.சி.ஆராலும் பார்த்தனர். நுண்ணோக்கிக்குத் தப்பியவை பி.சி.ஆருக்கு அகப்பட்டன, அவர்களில் காய்ச்சலே இல்லாமல் நடமாடியவர்களும் இருந்தனர். கட்டட வேலைக்குச் சென்னை சென்ற இவ்வூர் இளைஞர் பொங்கலுக்குப் பேருந்தேறி வருகிறார். உடம்புக்கு ஒன்றுமில்லை. கல்லீரலில் மட்டும் ஒரு விருந்தாளி உறங்குகிறான்.

மற்றொரு வழி இரயில் வழி. பெரம்பலூருக்கு இரயில் கிடையாது, அரியலூருக்கு உண்டு. சிமெண்டுத் தொழிலும் குவாரிகளும் சாலைப் பணிகளும் ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் முதலிய மாநிலங்களின் பிள்ளைகளைத் தமிழகத்துக்கு அழைத்து வருகின்றன. அவை பால்சிபாரம் மிகுந்த மாநிலங்கள். அப்பிள்ளைகளைக் குறை கூறுவது அறியாமை. அவர்களைக் கொசுவலையற்ற தகரக் கொட்டகையில் படுக்க வைப்பவர்களையே கேட்க வேண்டும். கிருமி உள்ளவர் வருவதால் மட்டும் நோய் பரவாது. பரப்பும் கொசு இங்கே இருக்க வேண்டும். நம் பாறைக் கிணறுகளையும் குவாரிக் குட்டைகளையும் பார்த்தபோது, அதற்கு நாம் குறை வைக்கவில்லை என்றே தோன்றிற்று. கிணற்றில் கம்பூசியா மீன் விடுவதும் தொட்டிக்கு மூடி போடுவதும் பழைய யோசனைகள்தாம். பழையன என்பதற்காக அவை பயனற்றுப் போய்விடவில்லை.

கடலுக்கு அப்பால் இலங்கையின் கதை நமக்கு மிகப் பொருந்தும். 1934–35-இல் அத்தீவில் வந்த மலேரியாக் கொள்ளையில் ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் மாண்டனர். டி.டி.டி. வந்த பின் குறைந்து குறைந்து, 1963-இல் நாடு முழுவதிலும் 17 நோயாளிகளே இருந்தனர். மருந்தடிப்பு நிறுத்தப்பட்டது; கண்காணிப்பும் தளர்ந்தது. 1969-இல் ஓராண்டில் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல்! பின்னர் போர்க்காலத்திலும் விடாது போராடி, 2012-க்குப் பின் உள்நாட்டில் தொற்றியவர் எவருமில்லை என்ற நிலையை எய்தி, 2016 செப்டம்பரில் மலேரியாவற்ற நாடு என்ற சான்றை உலக சுகாதார நிறுவனத்திடம் பெற்றனர். இரண்டே ஆண்டுகள் கழித்து, 2018-இல், மொனராகலை மாவட்டத்தில் வேலைத்தளம் ஒன்றில் பணியாற்றிய இலங்கையர் ஒருவருக்கு வைவாக்ஸ் கண்டது. உடன் பணியாற்ற வந்திருந்த இந்தியத் தொழிலாளி ஒருவரின் தொற்றே கொசு வழியாக அவருக்குச் சென்றிருந்தது. அங்கே கண்காணிப்பு விழித்திருந்ததால் ஒருவரோடு நின்றது. நம் பக்கத்துக் கேரளத்தில் 2020 டிசம்பரில், சூடானிலிருந்து திரும்பிய படைவீரர் ஒருவரிடம் ஓவேல் என்னும் அரிய இனம் கண்ணூரில் அறியப்பட்டதும், வேளையோடு பெயர் தெரிந்ததால் பரவாமல் தடுக்கப்பட்டதும் இவ்வகையே.

அப்படியானால் எல்லாக் கிராமங்களிலும் பி.சி.ஆர். எந்திரம் வைத்துவிடலாமே என்று சிலர் சொல்வர். நாம் அவ்வளவு அவசரப்பட மாட்டோம். கொதிக்கும் காய்ச்சலோடு வந்தவரை, முடிவு வரும் வரை இரண்டு நாட்கள் காத்திரு என்று சொல்ல முடியாது. பழைய முறைப் பி.சி.ஆருக்குத் தூய்மையான தனியறைகள் வேண்டும். முந்தைய குழாயிலிருந்து ஒரு துளித் தூசி பறந்து வந்தாலும் இல்லாத நோய் இருப்பதாகக் காட்டிவிடும். மருந்து உண்டு குணமான பின்னும், மடிந்த கிருமிகளின் எச்சத்தைச் சில காலம் காட்டிக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கல்லீரலில் உறங்கும் வைவாக்ஸை, இரத்தத்தைப் பார்க்கும் எந்தப் பரிசோதனையாலும் காண இயலாது. ஆகவே அன்றே மருந்து கொடுக்கத் தகடும் அட்டையும் இருந்தே ஆகவேண்டும்.

ஆனால் அதே விரல்குத்தலில் வரும் மற்றொரு துளியை வடிதாளில் இட்டுக் காயவைத்து, உறையிலிட்டு அனுப்பினால் மூலக்கூற்று ஆய்வுக்கு அது போதும், குளிர்ப்பெட்டியும் தேவையில்லை. கோவாவின் மோல்பயோ நிறுவனம் உருவாக்கிய ட்ரூநாட் என்னும் மின்கல எந்திரம் காசநோய்க்கும் பின்னர் கொரோனாவுக்கும் நம் மாவட்டங்களுக்கு வந்தது. வைவாக்ஸையும் பால்சிபாரத்தையும் பிரித்தறியும் சில்லும் அதற்கு உண்டு. தகட்டில் கிருமி கண்ட ஒவ்வொருவருக்கும், ஐயத்துக்குரிய சிலருக்கும், குவாரிக் கொட்டகைகளில் புதிதாக வந்திறங்கியவர்களுக்கும் இப்படிச் செய்தால், ஆண்டுக்குச் சில நூறு துளிகள்தாம். அந்த ஆய்வுக்கூடத்து இளைஞருக்கு இது எத்தகைய துணையாக இருக்கும் என்று எண்ணிப் பார்த்தோம். தாம் சுத்தம் என்று எழுதிய தகடு உண்மையிலேயே சுத்தந்தானா என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

மாலையில் ஊருக்கு வெளியே ஒரு குவாரிக் கொட்டகை வரை சென்றோம். அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருந்தது. வந்து நான்கு நாட்களே ஆன பையன் ஒருவன் கயிற்றுக் கட்டிலில் போர்த்திக்கொண்டு கிடந்தான். சுகாதார ஆய்வாளர் தம் பையிலிருந்து ஊசியையும் இரண்டு கண்ணாடித் தகடுகளையும் எடுத்தார். அவருக்கு இந்தி நான்கு வார்த்தைதான் தெரியும்; பையனுக்குத் தமிழ் அவ்வளவும் தெரியாது. மேஸ்திரி இடையில் நின்று மொழிபெயர்த்தார். விரலைக் குத்துமுன் ஆய்வாளர் கேட்டது பெயரையன்று.

“இங்கே வர்றதுக்கு முன்னாடி எங்கே இருந்தான்னு கேளுங்கண்ணே. அதுக்கு முன்னாடி எங்கே? ஒவ்வொரு ஊரா சொல்லச் சொல்லுங்க.”

பையன் யோசித்து யோசித்துச் சொன்னான்: ரூர்கேலாப் பக்கம் ஒரு கிராமம், பிறகு விசாகப்பட்டினத்தில் இரண்டு மாதம், சென்னையில் தாம்பரத்துக்கு அருகே ஒரு மாடிக் கட்டடத்தில் மழைக்காலம் முழுவதும். ஆய்வாளர் மூன்றையும் தம் பதிவேட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, நான்காவதாகச் சிறுவாச்சூர் என்று எழுதிக்கொண்டார்.